பால்வீதியில் பார்

ஓட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி கரகரத்துத் தொண்டையைச் செருமினால் போதும், இன்றைக்கும் எனக்குக் குலை பதறும்.

அப்போது எனக்கு இணுவிலில் கலியாணம் பேசினார்கள். பெண் வசந்தி, விஞ்ஞான ஆசிரியை. அவளின் தகப்பன் மாஸ்டர், வாசிகசாலைத் தலைவர். சாராயக் கடை வரக்கூடாதென்று நடுவீதியில் குந்தியிருந்தவர். "தம்பி ஒருக்கா எங்கடை வாசிகசாலை மண்டபத்திலை வந்து பேசட்டும், பாப்பம்" என்று சொல்லியனுப்பினார். பேச்சா அது? மாப்பிள்ளைப் பரீட்சை.

நானோ வானத்தில் மயங்கித் திரிந்தவன். சில சுருள் விண்மீன் மண்டலங்களின் நடுவே நட்சத்திரங்களாலான நீண்ட சட்டம் ஒன்று கிடக்கும். அதன் இரு முனைகளிலிருந்தும் நீலக் கைகள் சுழன்று விரியும். நம் பால்வீதியும் அந்த வகைதான். 'சட்டம்' என்றால் நீதிமன்ற வாடை அடிக்கிறதென்று, ஆங்கிலப் 'பார்' என்பதையே வைத்துக்கொண்டேன். (கவி உள்ளம்!) தலைப்பு: 'எங்கள் பால்வீதியின் நடுவே ஒரு பார்'.

காலையிலேயே ஓட்டோ அதை ஊரெல்லாம் முழங்கியது. பால் சேகரிக்கும் நிலையம் இருந்த ஒழுங்கையை ஊரார் 'பால்வீதி' என்றுதான் அழைப்பார்கள் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பின்னேரம் மண்டபம் நிரம்பி வழிந்தது. முழுக்கப் பெண்கள், சிலர் கையில் தும்புத்தடி. வாசல் கூட்டிய கையோடு என்னைக் கேட்க ஓடிவந்திருக்கிறார்களே என்று உருகிப்போனேன்.

நம்முடையதைப் போன்ற இன்னொரு விண்மீன் மண்டலத்தின் படத்தைத் திரையில் போட்டேன். "இந்தப் பார் ஆறு கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது."

"அவ்வளவு தூரம் ஆர் போகப்போகினம்?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

"என்ரை மனுசன் சைக்கிளிலை போயிடுவார்" என்றார் முன்வரிசை அக்கா.

நான் கண்களை மூடிக்கொண்டேன். "சுற்றியுள்ள வாயுவையெல்லாம் மையத்துக்கு இழுப்பதே இந்தப் பார்தான். நம் பால்வீதியிலும் பார் உண்டு!"

கண் திறந்தால், நீலக் கையைக் கிழித்துக்கொண்டு திரையில் ஒரு தும்புத்தடி.

"பிள்ளையள் போற ஒழுங்கையிலை பாரைத் திறந்துபோட்டு, படமும் காட்டுறியோ?"

மாஸ்டர் எழுந்தார். "தம்பி, உந்தப் பாரிலை உமக்கு என்ன பங்கு?"

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "எல்லாருக்கும் பங்கிருக்கு, மாஸ்டர். நீங்களும் அதைத்தானே சுத்திக்கொண்டிருக்கிறியள்!"

மாஸ்டரின் சால்வை தோளிலிருந்து நழுவி விழுந்தது. பெண்கள் கூட்டத்துக்குள் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். வசந்தி! "அப்பா, அது சாராயப் பாரில்லை. நட்சத்திரத்தாலை ஆன சட்டம்!"

மாஸ்டர் படத்தை நெடுநேரம் பார்த்தார். என்னை அதைவிட நெடுநேரம்.

இன்றைக்கும் நான் வெளிக்கிட்டால், "மருமோன் பால்வீதிப் பக்கமோ?" என்பார், வீடே சிரிக்கும். (பியர் மணந்தாலே தும்முகிறவன் நான்.) குடும்ப விழாக்களில் ஒலிவாங்கி என் கைக்கு வருவதேயில்லை. அந்தத் தடை உத்தரவு அன்றே பிறந்தது. ஓட்டோவில் ஏறிய என்னிடம், பறித்த தும்புத்தடியோடு படலைவரை வந்த வசந்தி சொன்னாள்:

"அப்பாவோடை நான் கதைக்கிறன். நீங்கள் மட்டும் இனிக் கதைக்காதேங்கோ."