வெள்ளரிக்காய் ஏறிய படகு

திருச்சிக்குக் கடல் கிடையாது என்பதை இன்றுவரை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் கப்பல் பாய்தான். தென்னூரில் ஒரு சந்துக்குள் மரப்பட்டறை வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் பல வருஷம் வளைகுடாவில் மரக்கப்பல் கட்டும் வேலை. அங்கிருந்து ஊர் திரும்புகிறவர்கள் டிவி, சென்ட், கம்பளி என்று கொண்டுவருவார்கள். இவர் கப்பல் புத்தியை அப்படியே கொண்டுவந்துவிட்டார். நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. என் போனிலும் 'கப்பல்' என்றுதான் இருக்கிறது.

எங்கள் எதிர்வீட்டில் ஜன்னலைச் சரிசெய்ய அவரைக் கூப்பிட்டார்கள். சாரல் அடிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதுதான் தப்பு. இடுக்கெல்லாம் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சிப் பூசிவிட்டுப் போனார். சாரல் நின்றது, காற்றும் நின்றது. அந்த ஜன்னல் அதற்கப்புறம் திறக்கவே இல்லை. இன்னொரு வீட்டுக்குச் செருப்பு வைக்கும் பெட்டி செய்துகொடுத்தார். ஒரு பெருமழையில் தெருவில் தண்ணீர் ஏறியபோது, பெட்டி செருப்புகளோடு மிதந்து மூன்று வீடு தள்ளிப் போய் நின்றது. அந்த வீட்டம்மா சண்டைக்குப் போனார். பாய் கேட்டது ஒரே கேள்வி: "செருப்பு நனைஞ்சுதாம்மா?" நனையவில்லை. வீட்டம்மா திரும்பி வந்து பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் நானே அவரிடம் போய் மாட்டினேன். தில்லை நகரில் புதிதாகத் திறக்கவிருந்த மீன் ரெஸ்டாரண்டில் எனக்கு மேனேஜர் வேலை. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதலாளி நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு பழைய மரப்படகை வாங்கிக்கொண்டுவந்து இறக்கினார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும். "இத ஹால் நடுவுல வச்சு, உள்ள ஐஸ் கொட்டி, மேல சாலட் அடுக்கணும். திறப்பு விழா அன்னிக்குப் படகு இருக்கணும். இல்லேன்னா நீங்க இருக்க மாட்டீங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால்தான் அன்றைக்கே பாயைத் தேடி ஓடினேன்.

பட்டறைக்கு வந்த படகைப் பாய் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"எத்தன பேரு ஏறுவாங்கம்மா?"

"யாரும் ஏற மாட்டாங்க பாய். வெள்ளரிக்கா ஏறும், கேரட் ஏறும்."

"சரக்குப் படகா? எந்த ஊருக்குப் போவுது?"

"எங்கயும் போகாது. ஏசி ஹால்ல நிக்கும். பார்க்க நல்லா இருந்தா போதும்."

"படகுன்னா மிதக்கணும்லம்மா?"

"இது மிதக்க வேணாம் பாய்!"

"சரிம்மா" என்றார். அந்தச் 'சரிம்மா'வை நம்பினேன் பாருங்கள், என் புத்தியை என்னவென்று சொல்வது!

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பட்டறைக்குப் போனேன். படகைக் காணோம். பாயும் இல்லை. "ஸ்ரீரங்கத்துல இருக்கு" என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். ஸ்ரீரங்கத்தில் அதற்கென்ன வேலை? ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனேன். கொள்ளிடக் கரைப் பக்கம், பாய்க்குத் தெரிந்த ஒரு மாமாவின் தென்னந்தோப்பு. தோப்புக்கு நடுவே ஒரு குளம். குளத்தில் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை.

"மாமா, இங்க ஒரு படகு..."

"அதோ இருக்கே" என்று மாமா தண்ணீரைக் காட்டினார். "நேத்திலேருந்து அடியிலே தீர்த்தமாடிண்டிருக்கு. உங்க பாய்தான் மணல் மூட்டையெல்லாம் ஏத்தி முழுக அடிச்சுட்டுப் போனார்."

என் வேலையும் அந்த மூட்டைகளுக்குக் கீழேதான் கிடந்தது. பாய்க்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"மிதக்க வைக்கத்தான் குடுத்தேன்... இல்ல, மிதக்க வைக்கவே குடுக்கல! ஏன் பாய் முழுக வச்சீங்க?"

"முழுகினாத்தாம்மா மிதக்கும்."

"என்ன பாய் சொல்றீங்க?"

"காஞ்ச பலகைம்மா. தண்ணி குடிச்சா உப்பும். உப்பினா இடுக்கு தானா மூடிக்கும், நான் அடைச்ச பஞ்சும் இறுகிடும். குடிக்கட்டும், தொந்தரவு பண்ணாதீங்க."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து முதலாளி போன் செய்தார். படகு எப்படி இருக்கிறதாம். "நல்லா இருக்கு சார், குளிச்சிட்டிருக்கு" என்று உளறிவிட்டு வைத்தேன்.

விழா நாள் விடிந்ததும் மினி லாரியோடு போனேன். மூட்டைகளை இறக்கி, தண்ணீரை இறைத்ததில் படகு மேலே வந்து மிதந்தது. பாய் கொடுக்க மாட்டேன் என்றார்.

"யாராச்சும் ஏறிப் பாத்தாத்தான் குடுப்பேன். வெள்ளரிக்காய நம்பி எப்படிம்மா அனுப்புறது?"

எனக்கு நீச்சல் தெரியாது. பட்டுப்புடவை வேறு. எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டுக்கொண்டு ஏறினேன். பாய் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினார். குளத்து நடுவில் குனிந்து பார்த்தேன். விரல் நுழைந்த இடத்தில் இப்போது நூல்கூட நுழையாது. தண்ணீர் முழுக்க வெளியேதான் இருந்தது. லாரிக்காரர் ஹாரன் அடித்துக் கூப்பிடும்வரை எனக்கு இறங்கவே தோன்றவில்லை.

விழாவில் எல்லாரும் படகோடு நின்று செல்ஃபி எடுத்தார்கள். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. என் வேலையும் தப்பித்தது. மத்தியானம் பார்த்தால் வெள்ளரிக்காய் மிதக்கிறது. ஐஸ் உருகிய தண்ணீர் போக வழியில்லை. சொட்டு உள்ளே விடாத படகு சொட்டு வெளியேயும் விடவில்லை.

"அடியில ஒரு ஓட்டை போட்டு பைப் வச்சிருங்க" என்றார் முதலாளி. "அந்த பாயையே வரச் சொல்லுங்க."

போன் போட்டேன்.

"என்னம்மா, சொட்டுதா?" பாயின் குரலில் அவ்வளவு பயத்தை நான் கேட்டதில்லை.

"இல்ல பாய். ஒரு சொட்டுகூட இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று ஆண்டவனுக்கு நன்றி சொன்னார், இரண்டு தடவை. இந்த மனுஷனிடம் ஓட்டை போட வாங்க என்று எந்த வாயால் சொல்வது? வைத்துவிட்டேன். "ஓட்டை போட்டா பலகை பிளந்துக்குமாம் சார். தண்ணிய நான் பார்த்துக்கறேன்" என்று முதலாளியிடம் கூசாமல் புளுகினேன்.

அன்றிலிருந்து மணிக்கொரு தடவை, எம்.பி.ஏ. படித்த நான், பிளாஸ்டிக் மக்கோடு போய் அந்தப் படகில் தண்ணீர் மொண்டு கொட்டுகிறேன். வேறு யாரிடமும் அந்த வேலையைக் கொடுப்பதில்லை. ஏனென்று எனக்கே விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பாய் வருவார். எவ்வளவு சொன்னாலும் சாப்பிட மாட்டார். குனிந்து படகின் அடியில் கையை விட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவுவார். பிறகு காய்ந்த உள்ளங்கையை என்னிடம் விரித்துக் காட்டுவார்.

"பாத்தீங்களாம்மா, ஒரு சொட்டு?"

"இல்லவே இல்ல பாய்" என்பேன், சொட்டுகிற மக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. அந்தக் கை ஒரு வெள்ளிக்கிழமைகூட நனையக் கூடாது எனக்கு.