தோட்டாவையே பார்க்காத கிரீஸ் அண்ணே

பினாங்குத் தீவில் ஒரு கதவு கிறீச்சிடாமல் திறக்கிறது என்றால், அந்தப் பக்கம் கிரீஸ் அண்ணே ஒருமுறையாவது போயிருக்கிறார் என்று அர்த்தம். கடல் பாலத்துக்கே அவர்தான் எண்ணெய் போட்டார் என்று யாராவது சொன்னாலும் நான் மறுத்துப் பேசமாட்டேன்.

டத்தோ கிராமாட்டில் எங்கள் பிளாட்டின் நான்காம் மாடியில் எனக்குப் பக்கத்து வீடு அவருடையது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். சொந்தப் பெயர் தபால்காரருக்கும் வருமான வரிக்காரருக்கும் மட்டுமே தெரியும். அவரோடு கை குலுக்கினால், நம் கையை விட்டதும் தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துப் பார்ப்பார். வழவழப்பைச் சோதிக்கிறாராம். என் கல்யாண மேடையில் அப்படித் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்குப் பயம் லா, கை ஈரமா இருக்கு" என்று என் மாமனாரிடம் அறிக்கை கொடுத்தவர். நாசி கண்டார் சோற்றுக் கடையில் குழம்பை விரலில் தொட்டு, "இன்னிக்கு கொழம்பு லேசு, கியர் பாக்ஸுக்கு ஆவாது" என்று தட்டைத் திருப்பி அனுப்பியவர்.

இருபத்தாறு வருடம் பாயான் லெப்பாஸில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்த்தார். பித்தளைத் தகட்டை இயந்திரத்தில் அழுத்திக் குட்டிக் கிண்ணங்களாக இழுப்பார்கள். எண்ணெய் குறைந்தால் பித்தளை அச்சில் கவ்விக்கொள்ளும். கூடினால் கிண்ணத்தில் குழி விழும். அந்த இரண்டுக்கும் நடுவே மயிரிழை அகலத்தில் ஒரு பாதை இருக்கிறதாம். அதில் இருபத்தாறு வருடம் நடந்துவிட்டு ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்றவர் சும்மா இருந்திருக்கலாம். கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்துத் தொலைத்தார்.

அமெரிக்காவில் சிலருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி எடுத்து வந்து, வீட்டு மேசையிலேயே மறுபடி தோட்டாவாக்குவார்கள். சுட்ட கூடு உப்பியிருக்கும். அதை எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குமுன் கூட்டின்மேல் வழவழப்பாக எதையாவது பூச வேண்டும். அந்த வீடியோவில் ஒரு மனிதர் பூசவில்லை. கூடு அச்சில் சிக்கிக்கொண்டது. அவர் சுத்தியலை எடுத்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் கதவு தட்டப்பட்டது.

"தம்பி, ஒனக்கு இங்கிலீஷ் எழுத வரும்ல? ஒருத்தன் பித்தளய சாவடிக்கிறான் லா! ஒடனே எழுதணும்!"

எனக்கு ஆங்கிலம் வரும் என்று அவர் நம்பியதற்கு ஆதாரம், லிஃப்ட் பழுது பற்றி நான் நிர்வாகத்துக்கு எழுதிய பதினான்கு கடிதங்கள். லிஃப்ட் இன்னும் பழுதாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கடிதங்கள் அழகானவை.

இப்படித்தான் அந்தப் பொழுதுபோக்குக்காரர்களின் இணைய மன்றத்தில் 'பினாங்கு கிரீஸ்' என்ற உறுப்பினர் பிறந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். எந்தப் பூச்சு வாங்கலாம் என்று யாரோ ஒருவர் கேட்டால் போதும், அண்ணேவுக்குத் தீபாவளி.

"எழுது தம்பி. மெழுகு வாங்குனா வெரல்ல எடுத்துத் தேச்சிக்கலாம், அவசரக்காரனுக்கு அதான் நல்லது. ஸ்ப்ரே வாங்குனா அடிச்சதும் அழுத்தாத. அதுல உள்ள ஸ்பிரிட் பறக்கட்டும். பொறும இல்லாதவன் ஸ்ப்ரேவே வாங்கக் கூடாது. எண்ணெய்னா கொஞ்சூண்டு. எண்ணெய அமுக்க முடியாது, பித்தளதான் குழியும்."

"கூட்ட அச்சுக்குள்ள அழுத்துற பிரஸ், அதுல எத வாங்குறதுன்னு கேக்குறான் அண்ணே."

"ஒரு பக்கம் தொறந்தது வேணாம், அழுத்துனா வாயப் பொளக்கும். சுத்தி மூடுனது வாங்கச் சொல்லு."

சொன்னபடி செய்தவர்களுக்கெல்லாம் சரியாக வந்தது. ஓராண்டில் அந்த மன்றத்தில் சண்டை வந்தால், 'பினாங்கு என்ன சொல்கிறார்?' என்று கேட்கும் அளவுக்கு நிலைமை வளர்ந்தது.

இதில் ஒரே ஒரு சிக்கல். அண்ணே தன் வாழ்நாளில் ஒரு தோட்டாவைக்கூட நேரில் பார்த்ததில்லை. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா சட்டைப் பையில் இருந்தாலே சிறையும் பிரம்படியும். நான் தோட்டா வடிவத்தில் ஒரு சாவிக்கொத்து வாங்கிக் கொடுத்தபோது, அதைச் செய்தித்தாளில் சுற்றி என் கையிலேயே திணித்துவிட்டு ஜன்னல் வழியாக வீதியைப் பார்த்தார், போலீஸ் வருகிறதா என்று.

அவர் ஆராய்ச்சியெல்லாம் பித்தளைக் குழாய்த் துண்டுகளில்தான். ஒருநாள் அவருக்குச் சுத்தமான ஆட்டு ரோமக் கொழுப்பு தேவைப்பட்டது. அது மருந்துக்கடையில், பாலூட்டும் தாய்மார்களுக்கான கிரீம் என்ற பெயரில் கிடைக்கும். கல்யாணமாகாத மனிதர் எப்படிப் போய்க் கேட்பார்? என்னை அனுப்பினார். கடையில் விற்பனைக்கு நின்றிருந்தது எங்கள் இரண்டாம் மாடி மேரி அக்கா.

"எத்தன டியூப் தம்பி?"

"ஆறு."

"ஆறா! ரெட்டப் பிள்ளையா? ஒம் பொண்டாட்டி முழுகாம இருக்கான்னு யாருமே சொல்லலியே!"

"வீட்டுக்கு இல்லக்கா. இது வந்து... பித்தளைக்கு."

மேரி அக்கா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் வதந்தி மட்டும் எப்படி அத்தனை வேகமாக மாடியேறியது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நான் வீட்டுக்குப் போனபோது என் மனைவி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். "யாருங்க அந்தப் பித்தள?" என்றாள். கிரீஸ் அண்ணே ஓடி வந்து, எங்கள் முறுக்கு அச்சில் அந்தக் கிரீமைப் பூசிச் செயல்முறை விளக்கம் காட்டிய பிறகுதான் என் குடும்பம் தப்பியது. முறுக்கு அச்சு தப்பவில்லை. புதிது வாங்கினோம்.

இதுவரை அவர் கிறுக்கு. இனி என்னுடையது.

அண்ணே சொல்வதை அப்படியே எழுதினால் உப்புச் சப்பில்லாமல் இருப்பதாக எனக்குப் பட்டது. அவர், "பட்டறையில நாங்க லேசாத்தான் பூசுவோம்னு எழுது" என்பார். நான், 'விடியற்காலைப் பனியில், வேட்டைக்குப் புறப்படுமுன் என் வீட்டு மேசையில் லேசாகப் பூசுவேன்' என்று எழுதினேன். டத்தோ கிராமாட்டில் பனி! வரவேற்பு பலமாக இருந்தது. அடுத்த வாரம் ஒரு மானைச் சேர்த்தேன். அதற்கடுத்த வாரம் ஒரு நாய். பெயர் டைகர். நிஜத்தில் அண்ணேவுக்கு நாய் என்றால் நடுக்கம், நாய்க்குட்டி படம் போட்ட காலண்டரையே திருப்பி மாட்டுகிறவர். சில ஆண்டுகளில் டைகருக்கு வயதாகிவிட்டதே என்று ஒருநாள் அதைச் சாகடித்தேன். மன்றமே அழுதது.

அண்ணே திரையை எட்டிப் பார்த்தார். "என்னா தம்பி, இன்னிக்கி எல்லாரும் சாரி சாரின்றான்?"

"அமெரிக்காவுல அதான் அண்ணே மரியாத."

பதினொரு வருடம் இப்படி ஓடியது. போன வருடம் அமெரிக்காவின் மொன்டானாவிலிருந்து வெய்ன் என்ற பழைய உறுப்பினர் எழுதினார். உல்லாசக் கப்பலில் வருகிறாராம். பினாங்கில் ஒருநாள் நிற்குமாம். அண்ணேவின் மேசையைப் பார்க்க வேண்டும். டைகரைப் புதைத்த இடத்தில் தொப்பியைக் கழற்றி நிற்கவும் ஆசை. அன்று பார்த்து நான் தேநீர் எடுக்க உள்ளே போயிருந்தேன். அண்ணே தானே எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். நான் திரும்பி வந்ததும் கேட்டார்:

"தம்பி, டைகர்னா யாரு?"

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மான், பனி, நாய், நாயின் மூட்டுவலி உட்பட. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டறையில சூப்பர்வைசர் எம் பேச்ச கேட்டதில்ல. கீழ பிளாட்டு கமிட்டியும் கேக்கல. அவனுங்க மட்டும்தான் லா நா சொன்னத கேட்டு அப்டியே செய்றானுங்க. இவன் வந்து பாத்துட்டு பொய்யின்னு போய்ச் சொன்னா ஹாபிஸ், எல்லாம் முடிஞ்சிரும். அப்புறம் எம் பேச்ச கேக்க யாரு இருக்கா?"

"வரவேணாம்னு எழுதிரவா அண்ணே?"

"வீட்டுக்கு வர்றவன வராதன்னு சொல்றதா? வரட்டும்."

குற்ற உணர்ச்சி மனிதனைச் சும்மா விடாது. மேலும் குற்றம் செய்ய வைக்கும். அண்ணே துறைமுகத்துக்கு வெய்னை அழைத்துவரப் போன நேரத்தில், லிட்டில் இந்தியாவில் தெரிந்த தையல்காரரிடம் பொத்தானுக்குத் துணி போர்த்தும் கை இயந்திரத்தை இரவல் வாங்கினேன். தடித்த இரும்பு, நீண்ட கைப்பிடி. தூரத்திலிருந்து பார்த்தால் தோட்டா பிரஸ் மாதிரியே இருந்தது. அண்ணேவின் மேசையில் நிறுத்தி, சுற்றிலும் எண்ணெய் டின்களை அடுக்கினேன்.

வெய்ன் வாசலில் குனிந்து நுழைந்தார். அத்தனை உயரம். அண்ணே என் இயந்திரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை.

வெய்ன் பையிலிருந்து நான்கு குட்டி டப்பாக்களை எடுத்து வைத்தார், பெயர்ச்சீட்டெல்லாம் கிழித்துவிட்டு. அண்ணேவுக்குப் பரீட்சை! அண்ணே ஒவ்வொன்றாகத் தொட்டுத் தேய்த்தார்.

"திஸ் ஒன் மெழுகு, தேன்மெழுகு. திஸ் ஒன் ஆட்டுக் கொழுப்பு, குட். திஸ் ஒன் வாட்டர் மிக்ஸ், சீப். திஸ் ஒன்..." முகத்தைச் சுளித்தார். "திஸ் ஒன் ஷூ பாலிஷ் லா!"

வெய்ன் மேசையைத் தட்டிச் சிரித்தார். நான்கும் சரி. அதன்பிறகு ஒரு மணி நேரம் இருவரும் விரல்களாலேயே பேசிக்கொண்டார்கள். நான் அங்கே தேவைப்படவே இல்லை. தப்பித்தோம் என்று நினைத்தபோது வெய்ன் எழுந்து, ஆசையாக அந்தக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார்.

டக்.

தட்டில் ஒரு பொத்தான் விழுந்தது. ரோஜாப்பூப் போட்ட ரவிக்கைத் துணி போர்த்திய பொத்தான். தையல்காரர் அதை உள்ளேயே விட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

வெய்ன் அதை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். புதிதாக ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அண்ணே கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"மை பிரெண்ட்," என்றார் மெதுவாக. "நோ கன். நோ புல்லட். நெவர் சீ. மை ஜாப் பித்தள, ஒன்லி ஆயில்."

"டைகர்?" என்றார் வெய்ன்.

"நோ டாக்." விரல் என் பக்கம் நீண்டது. "டாக் ஸ்டோரி, ஹீ ரைட்."

வெய்ன் மறுபடி உட்கார்ந்தார். தேநீரைக் குடித்து முடித்தார். பொத்தானைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கை குலுக்கிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அண்ணே விரல்களைத் தேய்த்துப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியல தம்பி" என்றார்.

அதன்பின் மூன்று நாள் அவர் என்னைக் கூப்பிடவில்லை. நான்காம் நாள் மன்றத்தில் வெய்ன் எழுதியிருந்தார். நானே ஓடிப்போய் அண்ணேவுக்கு வாசித்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை:

'பினாங்கு போய் அவரைப் பார்த்தேன். பதினொரு வருடத்தில் அவர் மேசையில் ஒரு கூடுகூட அச்சில் சிக்கியதில்லை. இதை நானே நேரில் உறுதி செய்தேன். அவர் பொய் சொல்லமாட்டார். தட்டச்சு செய்பவரை நம்பாதீர்கள்.'

அண்ணே தலையசைத்தார். "உண்மதானே லா" என்றார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனா முழுசா சொல்லல. எழுது தம்பி. சிக்கலன்னா காரணம், எங்கிட்ட கூடே இல்ல. நா எதையும் சுட்டதில்ல. நாயும் இல்ல. அப்டியே எழுது."

எழுதினேன். அனுப்பினேன். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதல் பதில் வர இருபது நிமிடம் ஆனது. டெக்சஸிலிருந்து யாரோ.

'சரி. ஆனால் எனக்குச் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு கூடு சிக்கிக்கொண்டிருக்கிறது. என்ன செய்வது?'

அண்ணேவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடிக்கொண்டன. "மொதல்ல சுத்தியல கீழ வைக்கச் சொல்லு" என்றார்.

இந்தக் கட்டுரையையும் அவர் வாசித்துக் காட்டச் சொல்வார். "நா சொல்லாதது எதுனா சேத்திருக்கியா?" என்று கேட்பார். ஒன்று சேர்த்திருக்கிறேன் அண்ணே. நீங்கள் கூப்பிடாத அந்த மூன்று நாளும், காலை ஏழு மணிக்கு நான் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.