புல்நாட்டு எழுச்சி

நான்கு புறமும் சிமெண்டுப் பாதையை எல்லையாகக் கொண்ட புல்நாட்டைப் பொன்வண்டு மன்னர் ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் குடியிருந்தது குழாயடிக் கல்லுக்குக் கீழே; புல்வெட்டும் எந்திரம் அந்தக் கல்லை மட்டும் தொடாது. வெயில் அடித்தால் வெளியே வந்து மின்னுவார். நாடே மின்னுகிறது என்று அமைச்சர் கும்பிடுபூச்சி அறிக்கை விடுவார். அமைச்சரின் கூப்பிய கை சாப்பிடும்போது மட்டும்தான் பிரியும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்ட ஒரு கொசுவை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

எந்திரம் வந்தால் புல் சாயும், பூச்சிகள் அலறிக் குதிக்கும். குதித்ததைக் கரிச்சான் குருவி காற்றிலேயே கவ்வும். மைனாக்கள் விரட்டிக் கொத்தும். உண்ணிக்கொக்கு மட்டும் வெள்ளை வெளேரென்று எந்திரத்தின் பின்னாலேயே, கல்யாண வீட்டுப் பெரிய மனிதர் மாதிரி நிதானமாக நடந்து வரும். பச்சையம்மா என்கிற வெட்டுக்கிளியின் புருஷன் சடையன் அப்படித்தான் போனான். அவளுக்கு மிச்சம், இறக்கை முளைக்காத ஒரே மகள்.

பறிகொடுத்தவர்கள் குழாயடியில் போய்க் கத்தினார்கள். அமைச்சர் கும்பிட்டபடி வந்தார்.

"எந்திரம் வரும்போதெல்லாம் முதலில் ஓடி வருபவர் யார்? பறவைகள். ஆகவே இன்றுமுதல் அவையே நாட்டின் நிவாரணக் குழு. கொக்கார் அதன் தலைவர்."

"வந்து தின்னுதுங்களே சாமி!" என்றாள் பச்சையம்மா.

"தின்பதல்ல, அம்மா. பத்திரமான இடத்துக்கு அப்புறப்படுத்துவது."

சில நாளில் நிவாரணக் குழு குறைப்பட்டுக்கொண்டது: சிலர் புல்லடியில் பதுங்கிவிடுகிறார்கள், காப்பாற்ற முடிவதில்லையாம். உடனே ஆணை பிறந்தது. பயந்து குதிப்பதை இனி எழுச்சி என்றே சொல்ல வேண்டும். எந்திரச் சத்தம் கேட்டதும் குடிமக்கள் அனைவரும் எழுச்சி கொள்ள வேண்டும். பதுங்குவோர் துரோகிகள். குழந்தைகளுக்கும் விலக்கில்லை.

"இறக்கையே இல்லாத புள்ளை எப்படிங்க எழும்பும்?"

"உணர்வு இருந்தால் போதும், அம்மா."

பக்கத்துப் புல்லில் இருந்த ராக்காயி அவளை இடித்தாள். "ஊரோட ஒத்துப் போடி. கொக்கு எவ்வளவு சுத்தமா உடுத்தியிருக்காரு பாரு!"

"அத்தனை பேரை முழுங்கியும் ஒரு பொட்டு அழுக்கு ஒட்டல பாரு, அதுதாங்க்கா பயமா இருக்கு."

எந்திரம் வந்தது. நாடே எழுச்சி கொண்டது. பச்சையம்மா மகளை மண்வெடிப்புக்குள் தள்ளி மேலே படுத்துக்கொண்டாள். கத்தி தலைக்கு மேல் சீறிப் போனது. வெளியே வந்தபோது ராக்காயி தனியாக நின்றாள். "எங்க வீட்ல எல்லாரும் எழுச்சியில போயிட்டாங்கடி" என்றாள். அழுகிறாளா பெருமைப்படுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

மிஞ்சியவர்களுக்கு இப்போதுதான் ரோஷம் வந்தது. நிவாரணக் குழுத் தலைவர் பதவிக்குத் தேர்தல் வை என்றார்கள். பச்சையம்மாவை நிறுத்தினார்கள். எதிர்த்துக் கொக்கார் நின்றார். உயிரோடிருந்த அத்தனை பூச்சியும், ராக்காயி உள்பட, பச்சையம்மாவுக்கே ஓட்டுப் போட்டது.

அமைச்சர் முடிவை வாசித்தார். "கொக்கார் வெற்றி! புல்நாட்டின் பெரும்பான்மை மக்கள் இப்போது அவருக்குள்ளேயே வாழ்கிறார்கள். ஒருவர்கூட அவரைவிட்டு வெளியேறவில்லை. இதைவிட ஆதரவு வேறென்ன வேண்டும்?"

"என் புருஷன் ஓட்டுமா?"

"அவரும் உறுதியாக உள்ளேதான் இருக்கிறார்."

"உசிரைத் தின்னது பத்தாதுன்னு, செத்தவன் வாயையுமாடா பிடுங்குவீங்க!"

அவள் கத்தியது குறிப்பில் ஏறவில்லை. கல்லுக்கு அடியிலிருந்து மன்னரின் வாழ்த்துச் செய்தி வந்துவிட்டது.

கொக்கார் பேசினார். "எனக்கு ஓட்டுப் போடாதவர்களையும் நான் வெறுக்கவில்லை. பெரும்பான்மையோடு சேர விரும்புவோர் வரலாம். இடம் இருக்கிறது." பேசி முடித்தும் அலகை மூடவில்லை.

அலகுக்கு முன்னால் வரிசை நின்றது. ராக்காயியும் ஓடினாள். "வாடி பச்சை! எங்க வீட்டுக்காரரு உள்ளதான் இருக்காராம். அப்புறம் இடமில்லாமப் போயிடும்!"

பச்சையம்மா அவள் காலைப் பிடித்து இழுத்தாள். அவள் உதறிவிட்டுப் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

பச்சையம்மா மகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, கொதிக்கிற சிமெண்டுப் பாதையில் இறங்கி நடந்தாள். அவள் போனதை யாரும் கவனிக்கவில்லை. வரிசையில் அப்போது பெரிய சண்டை. முன்னால் நிற்பவர்கள் சீக்கிரம் நகரவில்லை என்று, பின்னால் நின்றவர்கள் திட்டிக்கொண்டிருந்தார்கள்.