முன்கதவுக்கு நுரை அடித்த நாள்

கையில் ஒரு கருவி கிடைத்ததும் தன்னைப் பொறியியலாளனாக நினைத்துக்கொள்ளும் ஆண் ஒருவன் எல்லாக் குடும்பத்திலும் இருப்பான். எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி எனக்கு.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஜெர்மனியில், ஹம் நகருக்கு வெளியே ஒரு கிராமத்தில், பழைய வீடொன்றில் வாடகைக்கு இருந்தோம். குளிர்காலம் தொடங்கினால் முன்கதவின் இடுக்குகளால் காற்று விசிலடித்துக்கொண்டு உள்ளே வரும். அந்தச் சனிக்கிழமை மத்தியானம், என் மனைவி சாந்தியின் தங்கை மாலினியைப் பெண் பார்க்க ஹம்பேர்க்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது.

"வாறவை குளிரில விறைக்கப் போகினம். அந்தக் கதவுக்கு ஏதாவது செய்யுங்கோ," என்றாள் சாந்தி, வடைக்கு அரைத்தபடி.

(செய்தேன். அதுதான் பிரச்சினை.)

அடித்தால் பொங்கி இறுகிவிடும் நுரை டின் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதில் ஜெர்மன் மொழியில் நிறைய எழுதியிருந்தது. நான் படம் மட்டும் பார்ப்பவன். படத்தில் ஒரு கதவும், பக்கத்தில் சிரித்தபடி ஒரு மனிதனும். அது சுவருக்கும் கதவுநிலைக்கும் நடுவே அடிப்பதாம், பிறகுதான் தெரிந்தது. நான் நிலைக்கும் கதவுக்கும் நடுவே, நான்கு பக்கமும், டின் காலியாகும்வரை அடித்தேன். காற்று நின்றுவிட்டது. பெருமையோடு தடவிப் பார்த்ததில் இரண்டு விரல்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டன.

நுரை கல்லாக இறுகி முடிந்த நேரம் அழைப்புமணி அடித்தது. கதவை இழுத்தேன். அசையவில்லை. சாந்தியும் சேர்ந்து இழுத்தாள். கைப்பிடி மட்டும் கழன்று வந்தது.

"அப்ப பின்கதவால கூப்பிடுங்கோ."

"ஏலாது," என்றேன். குளிர்காலத்துக்கு வாங்கிய விறகு முழுவதையும் பின்கதவுக்கு வெளியே கூரை உயரத்துக்கு அடுக்கிவைத்த மகானும் நானே.

வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. கதவிலிருந்த தபால் துவாரத்தால் மாப்பிள்ளையின் அம்மாவின் குரல் வந்தது. "தம்பி, எங்களைப் பிடிக்கேல்லையெண்டா போனிலயே சொல்லியிருக்கலாம்."

சாந்தி அழப்போனாள். நான் சமையலறை யன்னலைத் திறந்து, ஒரு கதிரையை வெளியே இறக்கி, அந்த அம்மாவை ஏறச் சொன்னேன். ஒரு கால் உள்ளே வந்தது. மற்றக் காலைச் சேலை விடவில்லை. யன்னல் கட்டையில் குதிரையேறியபடியே அவர் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார்.

இதற்கிடையில் மாலினி, பட்டுச் சேலையோடு முழங்காலில் இருந்து, பாண் வெட்டும் கத்தியால் நுரையை அறுத்துக்கொண்டிருந்தாள். வெளியே மாப்பிள்ளை ரமணன், கார்க் கண்ணாடியில் பனி சுரண்டும் தகட்டால் குத்திக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் மேல வெட்டுங்கோ," என்றார் ரமணன்.

"நீங்கள் முதல்ல உங்கட பக்கத்தை முடியுங்கோ."

"ஓம்," என்று பணிவான பதில் வந்தது.

(அப்போதே எனக்கு இந்தச் சம்பந்தம் சரிவரும் என்று பட்டது.)

கடைசியில் ரமணன் தோளால் இடித்தார். கதவு திறக்க, தலையெல்லாம் மஞ்சள் நுரையோடு நேராக மாலினியின் காலடியில் வந்து விழுந்தார். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த சித்திரையில் கல்யாணம்.

இன்றைக்கும் ரமணனின் அம்மா எங்கள் வீட்டுக்கு வருமுன் தவறாமல் போன் எடுப்பார். "தம்பி, கதவாலயோ வாறது, யன்னலாலயோ? சீலை கட்டுறதோ பஞ்சாபி உடுப்புப் போடுறதோ எண்டு முடிவெடுக்க வேணும்."