மாமனார் ஓட்டில் நான் போட்ட சுழி

"படிச்ச மாப்பிள்ளை" என்று யாராவது என்னைச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படிப்பெல்லாம் மண்டைக்குத்தான் போகிறது, கைக்குப் போவதில்லை. என் வலது கை ஒரு வடிகட்டிய முட்டாள். ஒரு மனிதர் தன் எட்டு வருடக் கோபத்தை அந்தக் கையை நம்பி ஒப்படைத்தார். நினைத்தால் இன்றைக்கும் அதைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கலாம் போலிருக்கிறது.

அவர் என் மாமனார். ஃபிஜித் தமிழர், அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தவர். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் வேலையை உதறிவிட்டு ஆக்லாந்துக்கு வந்து மனுரேவாவில் குடியேறினார். நான் மதுரைக்காரன், பக்கத்தில் விரி என்கிற பகுதியில் ஒரு கிடங்கில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். அவர் மகள் மாலாவைக் கட்டி மூன்று மாதம் ஆகியிருந்தபோது, ராணுவம் வந்து எட்டு வருடம் கழித்து ஃபிஜியில் தேர்தல் வந்தது. ஆட்சியைப் பிடித்த தளபதியே சீருடையைக் கழற்றிவிட்டு, கோட்டு மாட்டிக்கொண்டு ஓட்டுக் கேட்டார். (என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!) மாமனார் சோறு பிசையும்போதுகூட அவரைத் திட்டிக்கொண்டேதான் பிசைவார். தபால் ஓட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு, தினமும் மூன்று தடவை வாசல் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

ஓட்டுச் சீட்டு வந்து சேர்ந்த வாரம்தான் அவருக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். சீட்டிலோ பெயர் கிடையாது, படம் கிடையாது, சின்னம் கிடையாது. கட்டம் கட்டமாக எண்கள் மட்டும். அவருடைய வேட்பாளரின் எண்ணைத் தேடி ஒரு வட்டம் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

"எனக்கு எல்லாம் மங்கலாத் தெரியுது மாப்ளே, நீங்களே போட்டுடுங்க" என்று பேனாவை நீட்டினார்.

பேனாவை வாங்கினேன். தாளை நேராக வைத்தேன். உச்சியில், காலியாக இருந்த இடத்தில், அழகாக ஒரு பிள்ளையார் சுழி போட்டேன்.

(ஆமாங்க, போட்டேன். பரீட்சைப் பேப்பரோ மளிகை லிஸ்ட்டோ, அது இல்லாமல் இந்தக் கை நகராது.)

வட்டத்தையும் போட்டு முடித்த பிறகுதான் மாலா பார்த்தாள். சீட்டோடு வந்த குறிப்பை எடுத்துப் படித்தாள். வேறு எந்தக் குறி இருந்தாலும் ஓட்டு செல்லாமல் போகலாம் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. வேறு சீட்டு வாங்க நாளும் இல்லை.

அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? சமையலறைக்குக் கொண்டுபோய் ஒயிட்னர் தடவினேன். காயவில்லை என்று மாலாவின் ஹேர் டிரையரைப் பிடித்தேன். அது பொருக்கு விட்டது. பிளேடால் சுரண்டினேன். சுழியோடு சேர்ந்து மேல்வரிசை வேட்பாளர்கள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். ராணுவம்கூட இவ்வளவு சுத்தமாக யாரையும் காலி செய்ததில்லை.

வேறு வழியில்லாமல் மாமனாரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சீட்டை வாங்கித் தடவிப் பார்த்தார். பொத்தல் வழியாக விரல் அந்தப் பக்கம் போனது. உறையில் போட்டு ஒட்டச் சொன்னார். மறுநாள் அவரே போய்த் தபாலில் சேர்த்தார்.

தளபதி அமோகமாக ஜெயித்தார். செல்லாத ஓட்டு இத்தனை என்று வாசித்தபோது, "அதுல ஒண்ணு என்னுது" என்று மாமனார் டிவியை அணைத்தார். நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று வாயைத் திறந்தேன். உங்க ஒரு ஓட்டு விழுந்திருந்தாலும் அவர்தானே மாமா ஜெயிச்சிருப்பார் என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை 'நீங்க' என்றே கூப்பிட்ட மனிதர் எழுந்து நின்றார்.

"தோக்கிறேன்டா. தோத்துட்டுப் போறேன். ஆனா என் ஓட்ட எண்ணிட்டுத் தோக்கடிக்கணும். எட்டு வருஷம் அவன் எண்ணல. இந்தத் தடவ எண்ண வந்தான், நீ விடல."

தளபதி மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் முக்கால்வாசி என் மேலேயே திரும்பியது. அவராவது துப்பாக்கியைக் காட்டிப் பிடுங்கினார். நான் சாமி பேரைச் சொல்லிப் பிடுங்கினேன்.

மாமனார் இரண்டு மாதத்தில் மறுபடி 'நீங்க'வுக்குத் திரும்பிவிட்டார். ஆனால் தண்டனை மட்டும் இத்தனை வருடம் ஆகியும் தீரவில்லை. வெள்ளிக்கிழமை பீட்சாவா, பிரியாணியா என்று வீட்டில் கை தூக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகு பிறந்த என் மகள் எண்ணுவாள். நானும் தூக்குவேன். "மாப்பிள்ளை ஓட்டு செல்லாது" என்று மாமனார் அறிவிப்பார். "ஸாரி அப்பா" என்று அவள் என் கையைத் தாண்டி அடுத்த கைக்குப் போய்விடுவாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஆனாலும் வாராவாரம் தூக்குகிறேன். எண்ணாமல் விட்டால் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்.