நாரை இல்லை என்க

ஒரு காட்டில் சேற்றுக்குழி ஒன்று இருந்தது, சிங்கம் இல்லை. குழியில் செம்புழுக்களும் கரும்புழுக்களும் சிக்கிய நூல்கண்டு போலப் பின்னிக் கிடந்தன. மழை பிடித்துக்கொண்டது. சேறு ஊறி, அடியில் மூச்சுவிட முடியவில்லை. மேற்பரப்பில் எல்லோருக்கும் இடமில்லை.

செம்பி என்ற செம்புழுவுக்கும் பக்கத்தில் கிடந்த காரி என்ற கரும்புழுவுக்கும் இதில் தகராறு.

"கொஞ்சம் நகருடி, வால் நசுங்குது."

"அது என் வாலு. உன்னது அந்தப் பக்கம்."

குழியோரம் யாரோ வீசிப்போன பிளாஸ்டிக் பையின்மேல் ஒரு நத்தை குடியிருந்தது. இரண்டு பாலிமர்களைக் கலந்தால் எது மேற்பரப்பில் ஒதுங்கும் என்று கணித்துச் சொல்லும் கோட்பாட்டாளர் அது. பையை ஒருமுறைகூடக் கடித்துப் பார்த்ததில்லை. பரிசோதனை தன் துறை அல்ல என்றது.

இருவரும் அதனிடம் போனார்கள்.

"பாலிமர் நீளமான சங்கிலி. நீங்களும் நீளம். அதே கணக்குதான்," என்றது நத்தை.

"நாங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி, ஐயா," என்றாள் காரி.

"அப்படிப் பார்த்தால் கணக்கு தீராது. உன்னைச் சுற்றி இருப்பது ஒரு சராசரிப் புழு என்று கொள்வோம்."

"என்னைத்தான் சொல்றாரு," என்று செம்பி முகம் சுளித்தாள்.

நத்தை கொம்பை நீட்டி யோசித்தது. "சேற்றுக்கு மேலே வெற்றிடம் என்க."

"அப்படின்னா?"

"மேலே ஒன்றுமில்லை."

"நத்தைகுத்தி நாரை?"

அந்தப் பெயரைக் கேட்டு நத்தை பாதி உள்ளே போய்த் திரும்பி வந்தது. "இல்லை என்க."

புழுக்களுக்கு 'என்க' பழக்கமில்லை. படித்தவர்கள் உறுதியாகத் தெரிந்ததைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

விடை வந்தது. அக்கம்பக்கத்தோடு ஒட்டுதல் குறைந்தவர்கள் மேலே ஒதுங்குவார்கள், அதாவது செம்புழுக்கள்.

"இதுக்குக் கணக்கு எதுக்கு?" என்றாள் காரி. "எங்க வீட்டு விசேஷத்துக்குக்கூட வந்ததில்ல."

செம்பி தன் கூட்டத்தோடு மேலே போனாள். காற்று நன்றாக இருந்தது. "நாரை இல்லடி, காரி," என்று கீழே பார்த்துச் சொன்னாள். அவள் கடைசியாகச் சொன்னது அதுதான்.

காரி நத்தையிடம் வந்தாள். "ஐயா, மேல ஒருத்திகூட இல்ல."

"பிரிதல் முழுமை. கணக்கில்கூட இவ்வளவு சுத்தமாக வரவில்லை."

அப்போது நாரை வந்து நின்றது. நத்தை ஓட்டுக்குள் போனது.

"நான் இல்லைன்னு சொன்னது யாரு?"

"கணக்குக்காகச் சொன்னது," என்றது ஓடு.

நாரை அலகைத் தாழ்த்தியது. பாதி வழியில் நிறுத்தியது. ஒரு நத்தை ஒரு வாய்க்குக் காணும்; அதற்குமேல் இல்லை.

"அடுத்த குழிக்கும் போட்டுத் தருவீங்களா, ஐயா?"

"அதே கணக்குதான்."

நாரை அதைப் பையோடு பதமாகத் தூக்கிக்கொண்டது. மேலே போகும்போது நத்தை கீழே பார்த்துச் சொன்னது: "மேற்பரப்பு காலி, காரி. நீ வரலாம்."

காரிக்கு மூச்சு முட்டியது. நாரையைப் பார்த்தாள்.

"முட்டவில்லை என்க," என்று சொல்லிவிட்டு அடிச்சேற்றில் இறங்கினாள்.

நீதி: தின்ன வருபவரை இல்லை என்க, அவர் நன்றி மறக்கமாட்டார்.