பரிசீலனையில் ஓர் அறை

"வாழ்நாள்ல ஒரே ஒரு பொருளையாவது பேரம் பேசி வாங்கியிருக்கியாம்மா நீ?"

போன வருடம் ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்தில், பத்துப் பேர் காதில் விழும்படி நாத்தனார் அவளிடம் கேட்ட கேள்வி இது. கேள்விக்குக் காரணம், சொன்ன விலையைக் கொடுத்து அவள் வாங்கி வந்திருந்த ஒரு கைப்பை. பையை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கேள்வி நெஞ்சில் மீன்முள்ளாக மாட்டிக்கொண்டிருந்தது.

அவள் ஒரு சலவைக்கடையின் பின்கட்டில் தையல் வேலை பார்ப்பவள். நீளமான பேண்ட்டைக் குட்டையாக்குவாள், இறுக்கமான சட்டையைத் தளர்த்துவாள், அறுந்த ஜிப்பை மாற்றுவாள். துணியோரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்று சொந்தமாக வாங்கிவிட்டால் வீட்டிலேயே தனியாகத் தொழில் தொடங்கிவிடலாம் என்று மூன்று வருடமாகப் பணம் சேர்த்து வந்தாள்.

இந்த வருட விடுமுறைக்கு நாத்தனார் இல்லாமல், கணவன், மகள், தான் என்று மூன்றே பேராக மலையூருக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. அறை பிடிக்கும் பொறுப்பை அவளே வாங்கிக்கொண்டாள்.

"உன்னால முடியுமா?" என்றான் கணவன். லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பமாட்டான்.

"பாதி விலைக்குப் பிடிச்சுக் காட்டறேன். உங்கக்கா வாயைப் பொளக்கணும்."

அதற்காகவே ஒரு இணையதளம் இருந்தது. ஊரைச் சொன்னால் போதும், ஹோட்டலின் பெயரைக் காட்டாது. எவ்வளவு கொடுப்பீர்கள் என்று நம்மையே கேட்கும். ஹோட்டல்காரனுக்குக் கட்டுப்படியானால் ஒத்துக்கொண்டு, நம் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்வான். அப்புறம்தான் பெயர் தெரியும். ஒருவர் பெயரில் ஒரு தடவைதான் கேட்கலாம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கைப்பேசியில் அவள் ஒரு விலை போட்டாள். அடிமாட்டு விலை. உடனே பதில் வந்தது: "தங்கள் விலை பரிசீலனையில் உள்ளது."

அவள் முகம் சுருங்கியது. அந்த வார்த்தை அவளுக்குப் பழக்கமானது. சம்பளத்தைக் கூட்டிக் கேட்கும்போதெல்லாம் சலவைக்கடை முதலாளி "பரிசீலிக்கிறேன்மா" என்பார். மூன்று வருடமாகப் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார். அதற்கு "போய் வேலையைப் பார்" என்று அர்த்தம் என்பது கடையில் இஸ்திரிப் பெட்டிக்குக்கூடத் தெரியும்.

'சரி, இது தேறாது' என்று மறுநாள் கணவன் பெயரில், கொஞ்சம் கூட்டிக் கேட்டாள்.

"தங்கள் விலை பரிசீலனையில் உள்ளது. இதே தேதிக்கு இன்னொருவரும் அறை கேட்டிருக்கிறார்."

அவளுக்குச் சுருக்கென்றது. யாரது போட்டிக்கு? மூன்றாம் நாள் மகள் பெயரில் கேட்டாள். இப்போது இரண்டு பேர் போட்டிக்கு இருப்பதாகச் சொன்னது. நான்காம் நாள் முதலாளியின் பெயரை எடுத்தாள். போட்டிக்கு மூன்று பேர்.

"எங்கிருந்துதான் முளைக்கிறாங்களோ, அல்பங்க!" என்று பல்லைக் கடித்தாள். நான் சும்மா விடுவேனா என்று, ஐந்தாம் நாள் எதிர்வீட்டு ரிட்டயர்டு கணக்கு வாத்தியாரின் பெயரில் விலையை ஏற்றினாள். போட்டிக்கு நான்கு பேர். ஆறாம் நாள் தெரிந்த பெயர்களெல்லாம் தீர்ந்துபோய், வேறு வழியில்லாமல், நாத்தனாரின் பெயரையே போட்டாள்.

அன்று மாலை மகளிடம் புலம்பினாள்.

"அஞ்சு பேருடி! குறி வெச்சு மோதறாங்க. நான் ஏத்த ஏத்தக் கூட ஒருத்தர் வந்து நிக்கறாங்க."

கல்லூரியில் படிக்கும் மகள் கைப்பேசியை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, அந்த அஞ்சு பேர் யாருன்னு தெரியுமா?"

"யாரு?"

"ஒண்ணு நீ. ஒண்ணு அப்பா. ஒண்ணு நான். அப்புறம் உங்க முதலாளி, வாத்தியார் தாத்தா. ஆறாவது அத்தை."

அவள் விரல்விட்டு எண்ணினாள். சரியாக இருந்தது.

"அப்ப நான் யார்கூடச் சண்டை போட்டேன்?"

"உன்கூடத்தான். நல்லாத்தான் போட்டிருக்கே, ஒருத்தரும் விட்டுக்கொடுக்கல."

"பரவால்ல விடு. எல்லாத்தையும்தான் பரிசீலனைன்னு சொல்லிட்டானே, ஒண்ணும் கிடைக்காது."

"அம்மா, பரிசீலனைன்னா இன்னும் முடிவு பண்ணலன்னு அர்த்தம்!"

"உனக்கென்னடி தெரியும், நீ இன்னும் வேலைக்கே போகல."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கைப்பேசி டிங் என்றது. பிறகு டிங், டிங் என்று மொத்தம் ஆறு தடவை.

ஆறு அறைகளும் கிடைத்துவிட்டன. ஓவர்லாக் மெஷினுக்குச் சேர்த்த பணம் முழுக்க அவள் கணக்கிலிருந்து வழித்தெடுக்கப்பட்டிருந்தது. ஹோட்டலின் பெயரும் தெரிந்தது. போன வருடம் நாத்தனார் கேள்வி கேட்ட அதே ஹோட்டல்.

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தாள். தேன் குழைத்த குரலில் ஒரு பெண் பேசினாள்.

"ரத்து பண்ண முடியாதுங்க மேடம். பேரும் மாத்த முடியாது. யார் பேருல ரூமோ அவங்களே அடையாள அட்டையோட நேர்ல வரணும். வரலன்னா வராத ஒவ்வொருத்தருக்கும் அபராதம் உண்டு. வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

"இதுவே போதும்மா" என்று வைத்தாள்.

கணவனிடம் சொல்லலாமா? சொன்னால் அக்காவிடம் போகும். அக்காவிடம் போனால் அந்தக் கேள்வி இனி ஆயுசுக்கும் வரும், வட்டியோடு. மெஷின் போனால் போகட்டும், மானம் போகக்கூடாது.

யோசித்து யோசித்துக் கடைசியில் போன வருடத்து அதிர்ஷ்டம்தான் அவளுக்குக் கைகொடுத்தது. அந்தத் தடவை ஏதோ சோப்புக் கம்பெனிக் குலுக்கலில் நாத்தனார், நாத்தனாரின் பக்கத்து வீட்டுக்காரர், கணவன், மகள், அவள் என்று ஐந்து பேருக்கும் ஒரே வாரத்தில் பரிசு விழுந்தது. அதே ஹோட்டலில் ஆளுக்கொரு அறை. விஷயத்தை முதலில் ஓடிவந்து சொன்னவள் நாத்தனார்தான். அது நடந்ததென்றால் இதுவும் நடக்கலாமே!

மறுநாள் காலை முதலாளியிடம் போனாள்.

"சார், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு. பட்டன் கம்பெனிக் குலுக்கல்ல. மூணு நாள் ஹோட்டல் ரூம், இலவசம்."

"எனக்கா? நான் பட்டனே வாங்கறதில்லையே, நீதானே வாங்கறே?"

"கடை பேருலதானே சார் வாங்கறேன்."

முதலாளி தாடையைச் சொறிந்தார். "பரிசீலிக்கிறேன்" என்றார்.

"சார்!" என்று அவள் போட்ட சத்தத்தில் இஸ்திரி போடுபவர் திரும்பிப் பார்த்தார். "பரிசீலனையெல்லாம் வேணாம். வர்றேன்னு சொல்லுங்க."

முதலாளி பயந்துபோய் வருகிறேன் என்றார். மூன்று வருடத்தில் அவளுக்கு அவர் சொன்ன முதல் சம்மதம் அது. மகளை வாய் திறக்கக்கூடாதென்று மிரட்டிவிட்டு, கணவனிடமும் இதே கதையைச் சொன்னாள்.

எதிர்வீட்டில் போய் ஆறு பேருக்குப் பரிசு என்றதும், கணக்கு வாத்தியார் ஒரு தாளை எடுத்துப் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். "ஒரே வட்டாரத்துல ஆறு பேருக்கு விழணும்னா... பல கோடியில ஒண்ணு. கணக்கு ஒத்துவரலையேம்மா."

"ரூம் வேணாமா சார்?"

வாத்தியார் தாளை மடித்துப் பையில் வைத்தார். "கணக்குல எங்கேயோ தப்பு பண்ணிட்டேன். எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

கடைசியாக நாத்தனாருக்குப் போன் செய்தாள். கத்தரிக்காய் வாங்கினால்கூட விதை வரைக்கும் விசாரிக்கிற ஆள்.

"அண்ணி, நம்ம எல்லாருக்கும் பரிசு விழுந்திருக்கு. பட்டன் கம்பெனிக் குலுக்கல்ல."

"எல்லாருக்குமா?" என்றாள் நாத்தனார், குரல் இறங்கிப்போய்.

"ஆமாண்ணி. ஆளுக்கொரு ரூம்."

"எந்த ஹோட்டல்?"

"போன வருஷம் போனோமே, அதேதான்."

"அந்த ஊர்ல வேற ஹோட்டலே இல்லையாமா?"

"பரிசுல நாம தேர்ந்தெடுக்க முடியாதே அண்ணி."

"ம்... முடியாதுதான்" என்றாள் நாத்தனார். குலுக்கலைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவளுக்கு அதிர்ச்சியாக இருந்தது. துருவித் துருவிக் கேட்காத நாத்தனாரை அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து பார்த்ததில்லை.

மூன்று பேர் போகவேண்டிய பயணம் ஆறு பேரோடு ஒரு வேனில் கிளம்பியது. வாத்தியார் போகும் வழியெல்லாம் குறட்டை விட்டார். முதலாளி ஜன்னலோரம் வேண்டுமென்று மகளோடு சண்டை பிடித்தார். கணவன், "நம்ம குடும்பத்துக்கு என்ன யோகம் பாரு, வருஷா வருஷம் விழுது!" என்று பூரித்தான். நாத்தனார் பெரிய கறுப்புக் கண்ணாடியும் முகத்தைச் சுற்றி ஒரு துண்டுமாகக் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தாள். தலைவலியாம்.

ஹோட்டலில் கொஞ்சமும் மாற்றமில்லை. வரவேற்பறையில் அதே மீன் தொட்டி, அதே ஒற்றை மீன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் ஆறு அடையாள அட்டைகளையும் வாங்கிக் கணினியில் தட்டினாள்.

பணம் கட்டியவளுக்கு இதயம் தையல் மெஷின் மாதிரி ஓடியது. இந்தப் பெண் 'பணம் கட்டியவர் யார்' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், எல்லாம் நூல் பிரிந்துவிடும். கணவன் பக்கத்திலேயே நின்றான். நாத்தனார் மீன் தொட்டிக்குப் பின்னால் நின்று மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு பேர், ஆறு ரூம்" என்றாள் வரவேற்பாளினி. "எல்லாரும் ஒரே குடும்பமா சார்?"

"இல்லம்மா" என்றார் வாத்தியார் உற்சாகமாக. "எங்க எல்லாருக்கும் பரிசு விழுந்திருக்கு. பல கோடியில ஒண்ணு! பட்டன் கம்பெனிக் குலுக்கல்."

வரவேற்பாளினி ஒரு நிமிடம் யோசித்தாள். கையிலிருந்த அட்டைகளில் ஒன்றை மறுபடி எடுத்துப் பார்த்தாள். பிறகு எட்டி, மீன் தொட்டிக்குப் பின்னால் நின்ற கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள். அவள் முகம் பழைய வாடிக்கையாளரைக் கண்டுகொண்ட சந்தோஷத்தில் மலர்ந்தது.

"மேடம், நீங்களா! போன தடவை இதே சைட்டுல அஞ்சு ரூமையும் நீங்களே எடுத்துட்டு, சோப்புக் கம்பெனின்னு சொல்லச் சொன்னீங்க, இந்தத் தடவை பட்டன் கம்பெனியா? அப்ப பில்லை முன்ன மாதிரியே இவங்க யார் கண்ணுலயும் படாம உங்க கையில தனியா கொடுத்துடறேன்."

நாத்தனார் மேஜைக்கு வந்தாள். தன் சாவியை எடுத்துக்கொண்டாள். லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திராமல், ஆறாவது மாடிக்குப் படியேறிப் போனாள்.